துப்பாக்கி ஒரு இடம், சாவி ஒரு ஆளு

உக்காருங்க தம்பி, இடம் இருக்கு. இத நான் மடியில வச்சுக்கிறேன், நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. என்ன பாக்குறீங்க? கித்தார் உறை இல்ல. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க, வாரப்ப ஒரு காலேஜ் பையன் ஒரு பாட்டு வாசிங்க தாத்தான்னு கேக்குறான். இது துப்பாக்கி உறை. அட, ஏன் தள்ளிப் போறீங்க? உள்ள ஒண்ணும் இல்ல, காலி.

நான் சொன்னதும் நம்பிட்டீங்க பாத்தீங்களா? நம்பக் கூடாது. காலின்னு எவன் சொன்னாலும் நம்பக் கூடாது, கண்ணால பாக்கணும். இத எம்மகளுக்கு அவ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்தேன். "அப்பனே சொன்னாலும் நம்பாத பாப்பா"ன்னு சொல்லிக் குடுத்தேன். இப்ப அவ நம்ப மாட்டேங்குறா. ஊர்ல எல்லாரையும் நம்புறா, அப்பன மட்டும் நம்ப மாட்டேங்குறா. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டவன் நான்.

எங்க, எழுமலைக்கா போறீங்க? நான் அதுக்கு முந்துன ஸ்டாப்பு. நேரம் இருக்கு. எம்பேரு சின்னமாயன். ஹவில்தார்னு சொன்னாத்தான் எங்கூர்ல தெரியும். பட்டாளத்துல இருந்து வந்தப்பறம் பேங்க்ல கன்மேன் வேல. வாசல்ல ஸ்டூலப் போட்டுக்கிட்டு துப்பாக்கியோட ஒரு ஆளு உக்காந்திருப்பாரே, அந்த ஆளு. பேங்க்ல துப்பாக்கி குடுக்க மாட்டாங்க தம்பி. அது நம்ம சொந்தத் துப்பாக்கி, நம்ம பேர்ல லைசென்ஸ். காலைல கொண்டு போகணும், சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டாரணும். நம்மளது இரட்டைக்குழல். நடுவுல மடக்குனா குழல் ரெண்டும் தொறந்துக்கும், வெளிச்சத்துக்கு நேரா புடிச்சா அந்தப் பக்கம் தெரியும். போன வருஷம் பேங்க்ல கேமராவ மாட்டிட்டு, ஐயா இனிமே ஆளு வேணாம்னுட்டாங்க. மாலையெல்லாம் போட்டாங்க. நானும் அதுவும் ஒரே நாள்ல வீட்டுக்கு வந்தோம்.

ஏம்மா! ஏத்தா, ஒன்னத்தான். அந்தக் குடையக் கொஞ்சம் கீழ பாக்க வச்சுக்க. கம்பி அந்தப் பிள்ள மூஞ்சிக்கு நேரா நிக்குது பாரு. ஆங், அப்படி.

குடைக்கே சொல்றானேன்னு பாக்குறீங்களா? எம்மகளுக்கு நான் மொதல்ல குடைலதான் சொல்லிக் குடுத்தேன். யுவராணின்னு பேரு. எங்களுக்கு ரொம்ப வருஷம் பிள்ள இல்லாம, கோயில் கோயிலா ஏறி எறங்கி, தலை நரைச்சப்பறம் பொறந்தவ. துப்பாக்கி இருக்குற வீட்ல பிள்ளைய வளக்குறது லேசில்ல. ஒளிச்சு வச்சா தேடும். தொடாதன்னா தொடும். அதனால நான் ஒளிக்கல. உக்கார வச்சு சொல்லிக் குடுத்தேன். குடையக் கையில குடுத்து, "இதோட வாய் யாரையும் பாக்கக் கூடாது, நாய் பூனையக்கூட பாக்கக் கூடாது"ன்னேன். இன்னைக்கு வரைக்கும் அவ குடையக்கூட தரையப் பாத்துத்தான் புடிப்பா. மழ பெய்யிறப்ப விரிப்பா, அது வேற. ஒரு தீபாவளிக்கு என் தங்கச்சி மகன் கேப்புத் துப்பாக்கிய வச்சு டுப்பு டுப்புன்னு இவ மூஞ்சிக்கு நேரா சுட்டான். இவ அவனுக்கு ரெண்டு வயசு சின்னவ. புடுங்கி கெணத்துல போட்டுட்டா. தங்கச்சி வந்து சண்ட. ஒம்மகளுக்கு ரொம்பத்தான் கொழுப்புன்னா. எனக்கு உள்ளுக்குள்ள அம்புட்டு சந்தோசம்.

எங்க வீட்டுல ஆயுத பூஜை எப்படின்னா, மத்தவுக வீட்டுல அருவா, மம்பட்டி, சைக்கிளு எல்லாம் கழுவி வப்பாங்க. எங்க வீட்டுல துப்பாக்கி. நான் மடக்கி, குழலப் பாத்து, "காலி"ன்னு சொல்லணும். அப்பறம் பாப்பா கையில குடுக்கணும். அவளும் வெளிச்சத்துல பாத்துட்டு, "பாத்தாச்சு"ன்னு சொல்லணும். ரெண்டாவது ஆளு சொன்னப்பறம்தான் எம்பொஞ்சாதி ஒச்சம்மா வந்து துப்பாக்கிக் கட்டையில சந்தனத்த வச்சு குங்குமத்த வைப்பா. சொல்லலேன்னா வைக்க மாட்டா. ஒரு வருஷம் பாப்பாவுக்குக் காச்ச, படுத்துக் கெடந்தா. ஒச்சம்மா சந்தனக் கிண்ணத்தோட நின்னுக்கிட்டு, பிள்ள எந்திரிச்சு வரட்டும்னா. சாமியே காத்திருந்துச்சு தம்பி எங்க வீட்டுல.

இன்னொண்ணு சொன்னேன் அவளுக்கு. துப்பாக்கி ஒரு இடம், தோட்டா ஒரு இடம், சாவி ஒரு ஆளு. துப்பாக்கி பீரோவுல. தோட்டா பரண்ல, பூட்டு போட்ட தகர டப்பாவுல. சாவி ரெண்டும் ஒச்சம்மா இடுப்புல. துப்பாக்கி யாருதோ அவன்கிட்ட சாவி இருக்கக் கூடாது. காலைல நான் யூனிபார்ம் போட்டு வந்து நின்னா, அவ சாவியக் குடுக்க மாட்டா, மொதல்ல மூஞ்சியப் பாப்பா. காப்பி குடிச்சாச்சான்னு கேப்பா. குடிச்சாச்சுன்னு நான் சொல்ற விதத்துலயே அவளுக்குத் தெரிஞ்சு போகும். ஒரு தடவ எனக்கும் எங்கண்ணனுக்கும் வரப்புத் தகராறு. விடிய விடிய பேசித் தீரல. மறுநாள் போய் நிக்கிறேன், சாவி தொலஞ்சு போச்சுன்னுட்டா. "எங்கடி தொலச்ச?"ன்னா, "கெணத்துல"ன்னா. கெணத்துல தண்ணி பாதாளத்துல கெடக்கு. நான் கத்துறேன், அவ பாட்டுக்கு வெங்காயம் உரிக்கிறா. துப்பாக்கி இல்லாம பேங்க்குக்குப் போயி, காச்சன்னு சொல்லி லீவு போட்டுட்டு வந்தேன். மூணாம் நாள் நானும் அண்ணனும் ஒண்ணா டீ குடிச்சோம். சாவி தன்னால கெணத்துல இருந்து ஏறி வந்துருச்சு.

அதெல்லாம் பாப்பா பாத்து வளந்தவ. அதான் இப்ப வினை.

ஒச்சம்மா தை மாசம் போயிட்டா. தலை வலிக்குதுன்னா, படுத்தா, மூளையில ரத்தம் கசிஞ்சிருக்குன்னாங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மாட்டுப் பொங்கலுக்குக் கோலம் போட்டவ. என்ன செய்ய? எல்லாரும்தான் போறாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, நான் சாவு பாக்காதவனா? பனிமலையில பக்கத்துல படுத்திருந்தவன் காலைல எந்திரிக்காதத பாத்தவன்.

பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு என் தங்கச்சி ஒச்சம்மாவோட சாமானையெல்லாம் எடுத்துப் பிரிச்சுக் குடுத்தா. சேலை இன்னாருக்கு, தோடு பாப்பாவுக்கு. சாவிக்கொத்த என் கையில குடுத்து, "இனி நீதாண்ணே வீட்டுக்கு ஆம்பளயும் பொம்பளயும்"னு அழுதா. நான் அத இடுப்பு அரணாக்கயித்துல முடிஞ்சுக்கிட்டேன். பாப்பா பாத்துக்கிட்டே இருந்தா. எல்லாரும் போனப்பறம், "அப்பா, அந்தச் சாவிய என்கிட்ட குடுங்க"ன்னா. "ஏன் ஆத்தா?"ன்னேன். "துப்பாக்கி ஒரு இடம், சாவி ஒரு ஆளு. நீங்கதான சொன்னீங்க"ன்னா. சிரிப்பு வந்துச்சு எனக்கு. துக்க வீட்ல பிள்ள பாடம் ஒப்பிக்குது பாருன்னு சிரிச்சேன். "போயி பரிச்சைக்குப் படி"ன்னேன். பன்னெண்டாவது தம்பி, பப்ளிக் பரிச்ச.

அந்தச் சாவிய நான் எப்படிக் குடுப்பேன்? இடுப்புல இருந்து இருந்து அது தேஞ்சு போய்க் கெடக்கு. சேலை மடிப்புல இருந்த வாசம் அதுல இருக்கு. அவளோடதுன்னு என்கிட்ட வேற என்ன இருக்கு? அப்பவே பாப்பாகிட்ட இதச் சொல்லியிருக்கலாம். அப்பன் மகள்ட்ட இதெல்லாம் சொல்ல முடியுமா? பரிச்சைக்குப் படின்னுதான் சொல்ல முடியும்.

இப்ப பிராதுக்கு வாரேன். பங்குனி மாசம். அன்னைக்கு அவளுக்கு கெமிஸ்ட்ரி பரிச்ச. மத்தியானம், வெயில் மண்டையப் பொளக்குது. வீட்ல நான் மட்டும். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு நாளாச்சே, துருப் புடிச்சிருமேன்னு எடுத்தேன். எண்ணெய் போடத்தான் எடுத்தேன். பீரோவுக்கு முன்னாடி தரையில உக்காந்து மடியில வச்சிருந்தேன். கட்டையில ஒச்சம்மா வச்ச சந்தனம் காஞ்சு ஒட்டிக் கெடந்துச்சு, குங்குமம் கொஞ்சம் உதுந்து போயி. அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எம்புட்டு நேரம்னு தெரியல. ஜன்னல்கிட்ட கெடந்த வெயில் சுவத்துல ஏறிருச்சு.

நிமிந்தா பாப்பா நிக்கிறா. செருப்புக்கூட கழட்டல. "பரிச்ச எப்படி ஆத்தா?"ன்னு கேட்டேன். "அப்பா, காலியா?"ன்னா.

பாருங்க தம்பி, பாதி ஆயுசு பட்டாளத்துலயும் மீதிய பேங்க்லயும் துப்பாக்கியோட இருந்தவன். என்னப் பாத்துக் கேக்குறா.

"காலிதான்"னேன்.

"பாத்தீங்களா?"

"நான் பாக்காமயா?"

"எண்ணெய் டப்பா எங்கப்பா?"

எண்ணெய் டப்பா அடுப்படி ஜன்னல்ல இருந்துச்சு. எடுக்க மறந்துட்டேன். துணியும் எடுக்கல. மறதி தம்பி, அம்புட்டுத்தான். ஒச்சம்மா போனதுல இருந்து எனக்கு மறதி. சாப்பிட்டேனா இல்லயான்னு மறந்து போகுது. மாடு கத்துனாத்தான் தண்ணி வைக்கலேன்னு தெரியுது. வயசாச்சுல்ல.

அவ மெதுவா வந்தா. நேரா வரல. குழல் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கத்த விட்டுட்டு, சுவத்த ஒட்டி, சுத்தி, எனக்குப் பின்னால வந்தா. நான் சொல்லிக் குடுத்ததுதான் அது. அந்த நேரத்துலயும் எனக்குப் பெருமை. என்னா அழகா வாரா பாரு, பட்டாளத்துல புதுசா சேந்த ரெக்ரூட்டுக்குக்கூட இப்படி வராதேன்னு நெனச்சேன். பக்கத்துல குத்தவச்சு உக்காந்து ரெண்டு கையையும் நீட்டுனா. "குடுங்கப்பா"ன்னா. எங்க வீட்டுல மடக்காமக் குடுக்க மாட்டோம், வாங்க மாட்டோம். மடக்குனேன்.

தோட்டா ரெண்டும் உள்ள இருந்துச்சு.

எப்பப் போட்டேன்? எனக்குத் தெரியல. பரண்ல ஏறுனது, டப்பாவத் தொறந்தது ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. ஒச்சம்மா மேல சத்தியமா இல்ல. கைப்பழக்கமா இருக்கும். எத்தன வருசம் செஞ்ச கை, அது பாட்டுக்குச் செஞ்சிருக்கும். எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன். எண்ணெய் போடத்தான் எடுத்தேன்.

பாப்பா ரெண்டையும் எடுத்து யூனிபார்ம் கோட்டுப் பைல போட்டா. வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாத்தா. "காலி. பாத்தாச்சு"ன்னா. ரெண்டையும் அவளே சொல்லிக்கிட்டா. துப்பாக்கிய பீரோவுல வச்சா. அதுக்கப்பறம்தான் அழுதா. மொதல்ல வேலைய முடிச்சுட்டு அப்பறம் அழுதா, அப்படி வளத்திருக்கேன். அவ அழுத அழுகைய அவங்கம்மா சாவுலகூட நான் பாக்கல. எங்கால கட்டிக்கிட்டு அழுகுறா. "எதுக்கு ஆத்தா அழுகுற, பரிச்ச கஷ்டமா?"ன்னு கேட்டேன்.

என்ன கேக்குறதுன்னு தெரியல எனக்கு.

சாவியக் கேட்டா. குடுக்கல நான். சண்ட போட்டா. அப்பவும் குடுக்கல. மறுநா, எலெக்ஷனுக்காக லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னு ஏட்டு வந்து சொல்லிட்டுப் போனாரு. எல்லா எலெக்ஷனுக்கும் உள்ள வழக்கம்தான் அது. பேங்க்ல இருந்த வரைக்கும் நமக்கு விலக்கு உண்டு, இப்ப இல்ல. ஒரு வாரம் டைம் இருக்குன்னு நான் சொல்றேன், இவ அப்பவே வாசல்ல ஆட்டோவக் கொண்டாந்து நிறுத்திட்டா. அடுத்த பரிச்சைக்குப் படிக்காம என்கூட ஸ்டேஷனுக்கு வாரா. பரவால்லயே, சட்டத்த மதிக்கிறாளேன்னு நெனச்சேன். துப்பாக்கிய ஒப்படைச்சோம். கோட்டுப் பைல இருந்த தோட்டாவையும் அவளே எடுத்து மேசை மேல வச்சா. நான் கையெழுத்துப் போட்டேன். வெளிய வந்து வேப்ப மரத்தடியில நின்னா, இவளக் காணோம். உள்ள இன்ஸ்பெக்டரம்மாகிட்ட நின்னு என்னமோ பேசிக்கிட்டு இருந்தா. பொம்பளப் பிள்ள, பாத்ரூம் கேக்குதோ என்னமோன்னு இருந்தேன்.

என்ன பேசுனான்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். சொல்றேன்.

ஓட்டுப் போட்டு, எண்ணி, எல்லாம் முடிஞ்சுச்சு. ரிசல்ட்டும் வந்துச்சு, அவ ரிசல்ட்டச் சொல்றேன். கெமிஸ்ட்ரில நூத்துக்கு ஒண்ணு கம்மி. மதுரையில பெரிய காலேஜுல இடம் கெடச்சிருக்கு. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும். எங்க வகையறாவுல பொம்பளப் பிள்ள ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறது இவதான் மொதல்ல. ஒச்சம்மா இருந்தா ஊரக் கூட்டிப் பாயசம் ஊத்தியிருப்பா. நான் சொன்னேன், "பாப்பா, ஓட்டு எண்ணியாச்சு, நான் போயி துப்பாக்கிய வாங்கிட்டு வந்துர்றேன்"னு. தட்டுல சோறு போட்டுக்கிட்டு இருந்தா. கரண்டிய வச்சுட்டா.

"அது வீட்டுக்கு வந்தா நான் ஹாஸ்டலுக்குப் போகல"ன்னா.

"ஏன்?"

"அம்மா மூஞ்சியப் பாத்து சாவி குடுத்துச்சு. நானும் போயிட்டா ஒங்க மூஞ்சிய யாருப்பா பாக்குறது?"

"என் மூஞ்சிக்கு என்னடி?"ன்னேன். கண்ணாடிய எடுத்துட்டு வந்து முன்னால வச்சா. அதிகப்பிரசங்கி! தாடி வளந்திருந்துச்சு, அம்புட்டுத்தான். சவரம் பண்ணா போயிரும். மெலிஞ்சிருக்கேன்னு சொல்றாங்க. அவ சமையல் அப்படி, அத நான் அவகிட்ட சொல்லல.

அப்பறம் பன்வாரிய இழுத்தா. பன்வாரி யாருன்னா, பட்டாளத்துல எங்க கம்பெனில இருந்த ராஜஸ்தான்காரன். அவன் பொஞ்சாதி பிரசவத்துல செத்துப் போச்சுன்னு ஊர்ல இருந்து சேதி வந்துச்சு. பனி, ரோடு மூடிக் கெடக்கு, போக முடியல. ஆளு நல்லாத்தான் இருந்தான். சிரிச்சான், சாப்பிட்டான். சுபேதார் என்னக் கூப்பிட்டு, "மாயன், அவன் ரைஃபிள வாங்கி வையி, அவன் கிச்சன்ல வேல பாக்கட்டும்"னாரு. நான் போயி வாங்குனேன். அவன் என்னத் திட்டுனான். திருடனாடா நான், பைத்தியமாடா நான்னு திட்டுனான். என் சட்டையப் புடிச்சான். நான் திருப்பிக் குடுக்கல. குளிர் காலம் பூரா சப்பாத்தி தேச்சான். இப்ப மறுகல்யாணம் கட்டி, பேரன் பேத்தி எடுத்து, தீபாவளிக்கு தீபாவளி போன் பண்ணி அழுவான். "நீதான்டா என் அண்ணன்"பான். மனசு ஒடஞ்சவன் கையில ஆயுதம் இருக்கக் கூடாது, அவனுக்கே அது தெரியாது, பக்கத்துல உள்ளவன்தான் பாக்கணும். இந்தக் கதைய நான் பாப்பாவுக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!

"அந்த மாமாகிட்ட வாங்குனீங்கல்ல?"ன்னா. "அவரு சட்டையப் புடிச்சும் நீங்க குடுக்கலல்ல?"ன்னா.

அவன் கத வேற தம்பி. அவன் சின்னப் பையன், கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகல, அதான் தாங்கல. நான் முப்பது வருசத்துக்கு மேல அவகூட வாழ்ந்தவன். எனக்கும் அவனுக்கும் ஒண்ணா?

நீங்களே சொல்லுங்க. சரி, சொல்ல வேணாம்.

இன்னைக்கு அவ என் தங்கச்சியோட மதுரைக்குப் போயிருக்கா, ஹாஸ்டல் ரூமப் பாக்க. சந்தர்ப்பம்னு நான் இந்த உறையத் தூக்கிக்கிட்டு கெளம்பிட்டேன். ஸ்டேஷன்ல போயி நின்னா, ரைட்டரு நான் குடுத்த ரசீதப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு, "அம்மா வரட்டும், உக்காருங்க"ன்றாரு. எனக்குப் பின்னால வந்தவன் வாங்கிட்டுப் போயிட்டான். காட்டுப்பன்னிய வெரட்ட வச்சிருக்குற ஒத்தக்குழல், அவனுக்குக் குடுத்துட்டாங்க. எனக்கு இல்ல. அப்பறம் இன்ஸ்பெக்டரம்மா வந்தாங்க. நம்ம பாப்பாவ விட ஒரு பத்து வயசு கூட இருக்கும், அம்புட்டுத்தான். உள்ள கூட்டிட்டுப் போயி நாற்காலில உக்கார வச்சாங்க. டீ வாங்கிக் குடுத்தாங்க. அப்பத்தான் சொல்றாங்க. "அன்னைக்கு ஒங்க பொண்ணு என்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போச்சு. 'எங்கப்பா துப்பாக்கிய எங்கப்பாகிட்டக் குடுக்கும்போது அவரு மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுக் குடுங்க மேடம்'னு கேட்டுச்சு"ன்னாங்க.

எப்படி இருக்கும் எனக்கு? வீட்டுக்குள்ள நடந்தத காக்கிச் சட்டைக்கு முன்னால போட்டு ஒடச்சிருக்கா. நாலு பேரு சல்யூட் அடிச்ச ஆளு நான். தல குனிஞ்சு போச்சு. "நான் நல்லாத்தான் இருக்கேன்மா"ன்னேன். "லைசென்ஸ் ஒங்களோடது, தடுக்க எனக்கு மனசில்ல. எடுத்துட்டுப் போங்க"ன்னு ரைட்டர்கிட்ட கைகாட்டிட்டாங்க.

தடுத்திருந்தா சண்ட போட்டு வாங்கியிருப்பேன் தம்பி. யாரும் தடுக்கல.

ரைட்டரு கொண்டாந்து மேசை மேல வச்சாரு. மடக்காம அப்படியே வைக்கிறாரு, குழல் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு கெடக்கு, வெளிய நாலு பேரு நிக்கிறான். ஸ்டேஷன்ல இருக்குறவனுக்கே இது தெரியல. என் பாப்பா பாத்திருந்தா கத்தியிருப்பா. நான் எடுத்தேன். சந்தனம் அப்படியே ஒட்டியிருந்துச்சு தம்பி. அத்தன துப்பாக்கிக்கு நடுவுல கெடந்து, அட்டை கட்டி, நம்பரு எழுதி, சந்தனம் மட்டும் உதுரல. மடக்குனேன். வெளிச்சத்துல பாத்தேன். ரெண்டு வட்டமும் வெள்ளையா தெரிஞ்சுச்சு.

"காலி"ன்னேன்.

வாய் தன்னால சொல்லுச்சு. ரைட்டரு என்ன ஒரு மாதிரி பாத்தாரு. நான் நின்னேன். மறுபடி "காலி"ன்னேன். யாராச்சும் அடுத்தத சொல்லணும்ல? சொன்னாத்தான மூட முடியும்? பக்கத்துல பாத்தேன், பாப்பா நிக்கிற இடத்துல தண்ணிக் கேன் இருந்துச்சு. அவளுக்குப் பின்னால ஒருத்தி கிண்ணத்தோட நிக்கணும். மேசையில வச்சுட்டேன், மடக்கினபடியே.

"ஜிப்பு சரியில்லம்மா"ன்னேன். "உறையில ஜிப்பு போகுது. பஸ்ல கூட்டமா வேற இருக்கும். இங்கயே இருக்கட்டும், நான் பெறகு வாரேன்"னேன். அவங்க ஜிப்ப வாங்கிப் பாக்கல. சரிங்க ஐயா, இங்கயே பத்திரமா இருக்கும், எப்ப வேணும்னாலும் வந்து பாத்துட்டுப் போங்கன்னாங்க. வாசல் வரைக்கும் கூட வந்தாங்க. சாவிக்கொத்து இடுப்புல குத்துது. பூட்டுறதுக்கு வீட்ல ஒண்ணும் இல்ல, சாவி மட்டும் இருக்கு.

ஜிப்பு நெசமாவே சரியில்லதான் தம்பி. பாருங்க, இங்க ரெண்டு பல்லு போயிருக்கு. தைக்கக் குடுக்கணும். தைச்சுட்டு...

இருங்க, போனு. அவதான். இன்னைக்கு இதோட எத்தனாவது தடவன்னு தெரியல, ஸ்டேஷன்ல இருக்கும்போது எடுக்காம விட்டுட்டேன்.

சொல்லு ஆத்தா. பஸ்ல. ஆமா, பஸ்ல. டவுனுக்குப் போனேன், சும்மாதான். ரூமு எப்படி இருக்கு? ஜன்னல் இருக்கா? இல்லத்தா... ஆமா, அங்கதான் போனேன். அழுகாத. இல்ல, வாங்கல. கொண்டாரல. உறை மட்டும்தான் இருக்கு. காலி. காலிதான் ஆத்தா, நான் சொல்றேன்ல. பாப்பா, அழுகாத, அத்தை பயந்துக்கப் போறா. நம்ப மாட்டியா? சரி. சரி, நம்ப வேணாம். பக்கத்துல ஒரு தம்பி இருக்காரு. இரு, குடுக்குறேன்.

தம்பி, இந்தாங்க. எம்மக. ஒரே ஒரு வார்த்தைதான், "பாத்தாச்சு"ன்னு சொல்லணும், அவளுக்குப் போதும். இல்ல இல்ல, இப்படியே சொல்லாதீங்க, மொதல்ல இந்த உறையப் பிரிச்சு, உள்ள கைய விட்டுப் பாருங்க. பாக்காம சொல்லக் கூடாது.